பேர் ஒன்று, பட்டியல் நான்கு: கணக்கு ஏன் ஒத்துவருவதில்லை?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது தெரியும். ஊரில் நாற்பது பேர் என்றால் நாற்பது ஆட்கள். செக்ரோலில் நாற்பது பேர் என்றால் நாற்பது நாட்கூலி. அரை நாள் வேலை செய்தவருக்கு அரைப் பேர்தான் விழும். ஒரு மலையில் 38 ஆட்களுக்கு முழுப் பேரும் 4 ஆட்களுக்கு அரைப் பேரும் விழுந்தால் செக்ரோலில் மொத்தம் 40 பேர். ஆனால் அன்று மலையில் நின்றவர்கள் 42 ஆட்கள். சம்பளக் கணக்குக்கு 40 சரி. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவருக்கு 42 சரி. இரண்டு தொகையும் உண்மையே, கேள்விதான் வேறு.

இந்தச் சிறிய விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால், இன்று இடம்பெயர்ந்து வாழும் எங்கள் குடும்பங்களுக்குப் பெரும் தொல்லை தரும் ஒரு பிரச்சினையைப் புரிந்துகொள்ளலாம். "எல்லாப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தோம், ஆனால் பட்டியலில் எங்கள் பேர் இல்லை" என்பது ஒரு முறைப்பாடு. "ஒரே குடும்பத்துக்கு இரண்டு தரம் கிடைத்திருக்கிறது" என்பது இன்னொன்று. "முகாமில் எண்ணிய தொகைக்கும் கந்தோரில் உள்ள தொகைக்கும் பொருத்தமில்லை" என்பது மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் ஒருவருடைய கெட்ட எண்ணந்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலான பிழைகள் ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு பொருத்தும் இடத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடத்தைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இது இப்போது முக்கியம்?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டதை யாரும் மறக்கவில்லை. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லயன்களை விட்டு வெளியேறியவர்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். அப்படிப்பட்ட வேளையில் கிராம உத்தியோகத்தர் ஒரு பட்டியல் எழுதுவார். தோட்ட நிர்வாகம் ஒன்று எழுதும். தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கு ஒன்று எழுதும். பின்னர் இவை கணினியில் ஏற்றப்பட்டு, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஓர் அறிக்கையாக மேலிடத்துக்குப் போகும். மேலே உள்ளவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது, காணாமற்போனவர்கள் பல நூறு பேர் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் அத்தொகை பெருமளவு குறைக்கப்பட்டது. அன்று காலையில் பாடசாலைக்கும் வேலைக்கும் போயிருந்தவர்கள் உயிரோடு இருப்பது தெரியவந்ததும் அதற்கு ஒரு காரணம். 'லயனில் வசிப்பவர்கள்' என்ற பட்டியலும் 'அந்த நேரத்தில் லயனில் இருந்தவர்கள்' என்ற பட்டியலும் வெவ்வேறு. முதலாவதை வைத்து இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பட்டியலின் முதல் விதி

ஒரு பட்டியலில் ஒரு நிரை ஒரே ஒரு வகைப் பொருளையே குறிக்க வேண்டும். இடம்பெயர்ந்தோர் கணக்குக்குக் குறைந்தது நான்கு பட்டியல்கள் தேவை.

1. குடும்பப் பட்டியல்: ஒரு நிரைக்கு ஒரு குடும்பம்.
2. ஆட்கள் பட்டியல்: ஒரு நிரைக்கு ஓர் ஆள்.
3. காணிப் பட்டியல்: ஒரு நிரைக்கு ஒரு மரக்கறித் துண்டு.
4. நிவாரணப் பட்டியல்: ஒரு தரம் கொடுத்தால் ஒரு நிரை.

முதலாவது பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். அந்த எண் அங்கே ஒரு முறைதான் வரலாம். மற்ற மூன்று பட்டியல்களிலும் அதே எண் பல தடவை வரலாம். ஏனெனில் ஒரு குடும்பத்தில் பல ஆட்கள் இருப்பார்கள். பல துண்டுக் காணி இருக்கலாம். பல தரம் நிவாரணம் கிடைத்திருக்கலாம். இதை 'ஒன்றுக்குப் பல' என்ற உறவு எனலாம். எக்செல், பவர் பி.ஐ. போன்ற எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் அடிப்படை இதுதான்.

எந்த எண்ணைச் சாவியாக வைப்பது?

பட்டியல்களை இணைக்கும் எண்ணைத்தான் சாவி என்கிறோம். சாவி பிழைத்தால் பூட்டுத் திறவாது. எங்கள் பகுதியில் சாவி பிழைக்கும் வழிகள் பல.

லயன் எண்ணைச் சாவியாக வைப்பது முதலாவது பிழை. 'மேற்பிரிவு, 4ஆம் லயன், 7ஆம் காம்பரா' என்ற விலாசம் ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் பல தோட்டங்களில் உண்டு. அத்துடன், ஒரே காம்பராவில் தாய் தகப்பனும், மணமுடித்த இரண்டு மகன்மாரும் தனித்தனி அடுப்பு வைத்து வாழ்வது வழக்கம். காம்பராவைச் சாவியாக்கினால் மூன்று குடும்பங்கள் ஒன்றாகிவிடும். உலர் உணவுக் கணக்கில் வரும் நட்டம் ஒரு மாதத்தோடு போகும். வீட்டுக் கணக்கில் அதே பிழை வந்தால் இரண்டு குடும்பங்கள் வீடில்லாமலே நின்றுவிடும்.

பெயரைச் சாவியாக வைப்பது இரண்டாவது பிழை. ராமசாமி என்றும் இராமசாமி என்றும் எழுதுவோம். முதலெழுத்தை ஒருவர் முன்னே போடுவார், ஒருவர் பின்னே போடுவார். ஒரு கந்தோரில் சிங்களத்திலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் எழுதுவார்கள். மனிதனுக்கு இவை ஒரே பெயர். கணினிக்கு வெவ்வேறு பெயர்கள்.

அடையாள அட்டை எண் ஆளுக்கு நல்ல சாவிதான். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு எண்கள். ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய எண்ணோடும் மற்றதில் புதிய எண்ணோடும் இருந்தால் கணினி அவரை இரண்டு ஆளாக எண்ணும். பழையதைப் புதிய முறையில் எழுதுவது இலகு: 1900களில் பிறந்தவருக்கு முன்னால் 19ஐச் சேர்க்க வேண்டும்; ஐந்தாவது எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்க்க வேண்டும்; கடைசி எழுத்தை நீக்க வேண்டும். இணைக்க முன்னர் எல்லா எண்களையும் இந்த ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அட்டை இல்லை, பெரியவர்களிலும் சிலருக்கு இல்லை. ஆகவே குடும்பத்துக்கென ஒரு தனி எண் கொடுப்பதே பாதுகாப்பானது.

இடத்தின் பெயரும் மாறும். 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலின்போது நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகள் ஆறாகிவிட்டன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. பிரதேச செயலகப் பிரிவுகளிலும் நோர்வூட், தலவாக்கலை போன்ற புதியவை வந்தன. பழைய பட்டியலில் 'அம்பகமுவ' என்று இருக்கும் குடும்பம் புதியதில் 'நோர்வூட்' என்று வரலாம். குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பெயர்தான் நகர்ந்துவிட்டது. போதாதற்கு 'பிரிவு' என்ற சொல்லே தோட்டப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, செயலகப் பிரிவு என்ற மூன்றுக்கும் வழங்குகிறது. ஒரு தோட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் கிடக்கலாம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் பல தோட்டங்கள் வரலாம். ஆகவே தோட்டத்தையும் கிராம உத்தியோகத்தர் பிரிவையும் நேரடியாக இணைக்கக் கூடாது. ஒவ்வொரு லயனும் எந்தத் தோட்டப் பிரிவு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்தச் செயலகம் என்று காட்டும் ஒரு சிறு பட்டியலை நடுவில் பாலமாக வைக்க வேண்டும்.

கான் ஓடும் திசை

மலையில் கான் வெட்டும்போது தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும்படி வெட்டுகிறோம். பட்டியல்களிலும் அவ்வாறே. குடும்பப் பட்டியல் மேட்டில் நிற்கிறது. ஆட்கள், காணி, நிவாரணப் பட்டியல்கள் பள்ளத்தில் நிற்கின்றன. மேலே ஒரு தோட்டத்தைத் தெரிவுசெய்தால், அந்தத் தோட்டத்தின் ஆட்களும் காணிகளும் மட்டும் கீழே வந்து விழும். கீழே ஓர் ஆளைத் தெரிவுசெய்தால் மேலே உள்ள குடும்பப் பட்டியல் தானாகச் சுருங்காது.

கான் வெட்டப்படவே இல்லையானால் என்ன நடக்கும்? அறிக்கையில் ஒவ்வொரு தோட்டத்துக்கு நேரேயும் ஒரே தொகை வரும். உதாரணமாக, மேற்பிரிவுக்கும் 93, கீழ்ப்பிரிவுக்கும் 93, மொத்தமும் 93 என்று வந்தால் கூட்டல் பிழை என்று தேட வேண்டாம். இரண்டு பட்டியல்களுக்கும் இடையில் தொடர்பே போடப்படவில்லை என்பதன் அடையாளம் அது.

பெருகும் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். 14ஆம் இலக்கக் குடும்பத்தில் நான்கு ஆட்கள். அவர்களுக்கு இரண்டு மரக்கறித் துண்டுகள்: லீக்ஸ் 10 பேர்ச், கரட் 6 பேர்ச். ஆக 16 பேர்ச். யாரோ ஒருவர் ஆட்கள் பட்டியலையும் காணிப் பட்டியலையும் குடும்ப எண்ணை வைத்து நேரே ஒட்டிவிடுகிறார். ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டு துண்டுகள் என்று 4 x 2 = 8 நிரைகள் வரும். இப்போது கூட்டிப் பாருங்கள். ஆட்கள் 8. காணி 64 பேர்ச். நான்கு மடங்கு!

யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் அறிக்கையைப் பார்க்கும் அதிகாரி, "இந்த ஊரில் இவ்வளவு காணியே இல்லையே, மக்கள் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று நினைப்பார். உண்மையான 16 பேர்ச்சுக்கும் அதனால் சந்தேகம் வந்துவிடும். இதைத் தவிர்க்க, பள்ளத்தில் உள்ள பட்டியல்களை ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் மேட்டில் உள்ள குடும்பப் பட்டியலோடு தனித்தனியே இணைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கூட்ட வேண்டும்.

பெயரற்ற நிரை

சில அறிக்கைகளின் அடியில் தலைப்பே இல்லாத ஒரு நிரை வரும். அதற்கு நேரே ஒரு தொகை மட்டும் நிற்கும். அழகைக் கெடுக்கிறது என்று சிலர் அதை மறைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. நிவாரணப் பட்டியலில் உள்ள சில எண்கள் குடும்பப் பட்டியலில் இல்லை என்பதையே அது சொல்கிறது. ஒன்றில் '014' என்றும் மற்றதில் '14' என்றும் இருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கலாம். அல்லது அந்தக் குடும்பம் பதியப்படாமலே விடுபட்டிருக்கலாம். அந்த நிரைக்குள் உங்களில் ஒருவருடைய குடும்பம் இருக்கக்கூடும். அதைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குடும்பப் பட்டியலில் இருந்தும் நிவாரணப் பட்டியலில் ஒரு தடவையேனும் வராதவர்கள் யார்? கிடைத்தவர்களை மட்டும் காட்டும் அறிக்கையில் கிடைக்காதவர்கள் தெரியவே மாட்டார்கள்.

கூட்டினால் வராத மொத்தம்

ஒரு பாடசாலையில் 60 குடும்பங்கள் தங்கின. இன்னொரு மண்டபத்தில் 45 குடும்பங்கள். பாடசாலை திறக்க வேண்டியிருந்ததால் 12 குடும்பங்கள் அங்கிருந்து மண்டபத்துக்கு மாறின. அந்த 45க்குள் இந்த 12உம் அடங்கும். 60உம் 45உம் 105. ஆனால் குடும்பங்கள் 93தான். அறிக்கையில் 60, 45, மொத்தம் 93 என்று வந்தால் பலர் பிழை என்கிறார்கள். பிழையில்லை. ஒரு குடும்பத்தை ஒரு தரமே எண்ணும் அளவீட்டில் மொத்தம் பகுதிகளின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டியதில்லை. மாறாக, 105 பெட்டிகள் கேட்டு விண்ணப்பித்தால் அதுதான் பிழை. இதற்காகவே ஒவ்வொரு குடும்பமும் வந்த திகதியையும் போன திகதியையும் எழுத வேண்டும் என்கிறோம்.

திகதியிலும் கவனம் தேவை. நிவாரணத்துக்கு அனுமதி கிடைத்த திகதி ஒன்று. அது கையில் கிடைத்த திகதி இன்னொன்று. கணினியில் நாட்காட்டியோடு ஒரு சமயத்தில் ஒரு திகதியே இயங்கு நிலையில் இணைந்திருக்கும். அனுமதித் திகதி இணைந்திருந்தால், ஜனவரியில் கையில் கிடைத்த பொருள் டிசம்பரில் கொடுக்கப்பட்டதாகத் தெரியும். "டிசம்பரில் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று" என்று கந்தோரும், "எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை" என்று மக்களும் சொல்லும் வாக்குவாதம் பல வேளை இவ்வாறே தொடங்குகிறது. எந்தத் திகதி என்று முதலில் கேளுங்கள்.

சராசரியின் சூழ்ச்சி

கொழுந்து நிறுத்த கணக்கை எடுப்போம். ஒரு மலையில் 10 பேர் 200 கிலோ எடுத்தார்கள், சராசரி 20. மற்ற மலையில் 30 பேர் 420 கிலோ; சராசரி 14. இரண்டு மலைக்கும் சராசரி என்ன? 20ஐயும் 14ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 17 வரும். அது பிழை. மொத்தம் 620 கிலோவை 40 பேரால் பிரித்தால் 15.5. இதுவே சரி.

குடும்ப அளவுக்கும் இதே விதிதான். ஒரு பிரிவில் 20 குடும்பங்கள், 100 ஆட்கள், சராசரி 5. மற்றதில் 80 குடும்பங்கள், 240 ஆட்கள், சராசரி 3. சராசரிகளின் சராசரி 4. உண்மையோ 340ஐ 100ஆல் பிரித்து வரும் 3.4. இந்த 3.4ஐ வைத்து எல்லோருக்கும் ஒரே அளவு அரிசிப் பொதி கட்டினாலும் ஐந்து பேர் உள்ள வீடு பட்டினி கிடக்கும். ஆகவே பங்கீட்டுக்குச் சராசரி வேண்டாம். ஆட்கள் பட்டியலை எண்ணுங்கள்.

வெற்றிடமும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 'ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்' என்ற நிரலில் பூச்சியம் இருந்தால் பிள்ளை இல்லை. வெற்றிடம் இருந்தால் யாரும் கேட்கவில்லை. வெற்றிடத்தைப் பூச்சியமாக்கினால் ஒரு குழந்தையின் பால்மா காணாமற் போய்விடும்.

பிழை தேடும் ஒழுங்கு

தொகை ஒத்துவராதபோது, கணினி பழகிய எங்கள் இளைஞர்களும் யுவதிகளும் இந்த ஒழுங்கில் தேட வேண்டும்.

1. ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்று ஒரு வசனத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிழை அங்கேதான்.
2. குடும்பப் பட்டியலில் ஒரே எண் இரண்டு தரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. இரு பக்கத்திலும் பொருந்தாத எண்களைத் தனியே எடுங்கள்.
4. இணைப்பு இருக்கிறதா, எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தத் திகதியோடு இருக்கிறது என்று பாருங்கள்.
5. அளவீடு எண்ணுவது ஆட்களையா, குடும்பங்களையா, கொடுத்த தடவைகளையா என்று கேளுங்கள்.
6. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்து, அதன் கணக்கைக் கையால் போட்டு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு குடும்பத்துக்குச் சரிவராத அறிக்கை நூறு குடும்பத்துக்கும் சரிவராது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

கணினி தெரியாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. பதியும்போது உங்கள் குடும்ப எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு கொப்பியில் எந்தத் திகதியில், யாரிடம், எந்தப் படிவம் கொடுத்தீர்கள், என்ன கிடைத்தது என்று குறித்து வாருங்கள். பெயரை எல்லா இடத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஒரே காம்பராவில் தனித்தனிக் குடும்பங்களாக இருந்தால் அதை முதல் நாளே சொல்லிப் பதியுங்கள். முகாம் மாறினால் பழைய இடத்தில் பெயரை வெட்டி, புதிய இடத்தில் பழைய எண்ணோடு சேருங்கள். பிள்ளை பிறந்தாலும், வீட்டில் ஒருவர் இறந்தாலும் ஆட்கள் பட்டியலைத் திருத்தச் சொல்லுங்கள்.

பட்டியலைச் சுவரில் ஒட்டி எல்லோரும் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து ஒட்டக் கூடாது. குடும்ப எண்ணும் தலைவர் அல்லது தலைவியின் பெயரும் ஆட்களின் தொகையும் போதும்.

முன்னாளில் பிரட்டுக் களத்தில் நின்று, தன் பேர் செக்ரோலில் சரியாக விழுந்ததா என்று கேட்ட தொழிலாளிக்கு அந்தக் கேள்வியின் பெறுமதி தெரியும். கேட்காதவருக்குச் சம்பள நாளில் தெரிந்தது. இன்று செக்ரோல் பெரிதாகி, கணினிக்குள் போய்விட்டது. கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. உங்கள் குடும்பம் எந்தப் பட்டியலில், எந்த எண்ணில், எத்தனை ஆட்களோடு இருக்கிறது? இதை அடுத்த முறை கந்தோருக்குப் போகும்போது மரியாதையாகவும் தயங்காமலும் கேளுங்கள். பதிலை உங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.